வாசிகசாலை அலுமாரியில் ஒரு சேர்வர்: வலிகாமத்துக் கிராமமொன்றின் அனுபவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருக்கும் மர அலுமாரியின் மேல்தட்டில், விரித்த உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதுதான் எங்கள் சேர்வர், அதாவது எங்கள் செய்திகளையும் படங்களையும் வைத்திருந்து இணையம் வழியாகக் கொடுக்கும் கணினி. ஊரிலும் கொழும்பிலும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கங்களிலும் இருக்கிற எங்கள் ஊரார் 140 பேர் ஒருவரோடொருவர் பேசுவதும் பழைய படங்களைப் பார்ப்பதும் அந்தப் பெட்டி வழியாகத்தான். இதை ஒழுங்காக ஓடவைக்க ஒன்றரை வருடம் பிடித்தது. அதற்குள் மூன்று பெட்டிகளைப் பார்த்துவிட்டோம், ஒரு ரவுட்டரை எரித்தோம், ஒன்பது நாள் செய்திகளைத் தொலைத்தோம். வேறு ஊர்களிலும் இதே எண்ணத்தோடு சிலர் இருப்பது தெரியும். அவர்களுக்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முன்பு எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் நடந்தது. அதில் 1024 பேர் வரை சேரலாம், ஆகவே இடம் போதவில்லை என்ற குறை எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் குழுவில் சேர்ந்த அன்றைக்கே ஒரு பெண்பிள்ளையின் தொலைபேசி எண் முன்பின் தெரியாத நூறு பேர் கையில் கிடக்கும். போன் கிணற்றுக்குள் விழுந்தால் மூன்று வருடப் படங்களும் அதோடு போய்விடும். படங்கள் சுருங்கிப்போவது இன்னொரு கவலை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் காரணமாக வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது பலரின் கையில் ஒரு பைதான் இருந்தது. அந்தப் பைக்குள் கலியாண அல்பத்தையும் வைத்துக்கொண்டு போனவர்களின் வீட்டில் மட்டும்தான் எங்கள் ஊரின் பழைய படங்கள் மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலும் ஒரே பிரதி. அதை ஸ்கேன் செய்து, பிறகு சுருக்கி, யாரோ ஒருவரின் போனில் விட்டுவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அச்சில் வந்த கோயில் மலர்களையும் பள்ளிக்கூட மலர்களையும் 2005 இலிருந்து ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் நூலகம் தளத்துக்கே கொடுத்தோம். அந்த வேலையை நாங்கள் இரண்டாம் தரம் செய்யத் தேவையில்லை. குடும்பப் படங்களும் ஊர்க்கதைகளும்தான் எங்கள் பொறுப்பு.

முதல் பெட்டி

2023 நடுப்பகுதியில் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்றில் தொடங்கினோம். 4 ஜிபி ராம், 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட், வீட்டில் சும்மா கிடந்த போன் சார்ஜர் ஒன்று. மென்பொருள் மேட்ரிக்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற முறைக்கான சினாப்ஸ், அதற்கடியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். 140 பேர் என்றாலும் ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் இருப்பதில்லை. எழுத்துச் செய்திக்கு அந்தச் சின்னப் பெட்டி தாராளமாகப் போதும்.

ஐந்தாம் கிழமை, அடுத்தடுத்து இரண்டு தரம் கரண்ட் போய் வந்த ஒரு மாலையில், யாராலும் செய்தி அனுப்ப முடியவில்லை. போய்ப் பார்த்தால் கார்ட் வாசிக்க மட்டும் விடுகிறது, எழுத விடுகிறதில்லை. தரவுத்தளம் என்பது ஓயாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கும் ஒன்று. கமராவில் படம் சேர்ப்பதற்கென்று செய்த கார்ட் அதைத் தாங்காது; எழுதும் நடுவில் கரண்ட் போனால் கோப்பமைப்பே குலைந்துவிடும். இன்னொரு பிழை எங்களுடையது. அந்தப் பெட்டிக்கு 5.1 வோல்ட்டில் 3 அம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். நாங்கள் போட்ட சார்ஜரும் மெல்லிய நீள வயரும் அதைக் கொடுக்கவில்லை. மின்னழுத்தம் குறைந்தால் திரையின் மூலையில் சின்ன மின்னல் குறி ஒன்று வரும். எங்கள் பெட்டிக்குத் திரை பூட்டியிருக்கவில்லை, ஆகவே அந்தக் குறியை யாரும் காணவில்லை.

நல்ல அடாப்டரும், கார்டுக்குப் பதிலாக யூஎஸ்பியில் பூட்டும் எஸ்எஸ்டி டிஸ்க்கும் போட்டிருந்தால் அது இன்றைக்கும் ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன். செய்திப் பரிமாற்றம் மட்டும் போதும் என்கிற ஊருக்கு அது இப்போதும் நல்ல தெரிவு. எங்களுக்குப் படத் தொகுப்பும் வேண்டும். முகங்களை இனங்கண்டு பிரிக்கும் இம்மிச் என்ற மென்பொருளையும் ஓட்ட 4 ஜிபி ராம் காணாது.

அடுத்ததாகக் கொழும்பில் ஓர் அலுவலகம் மூடியபோது, உறவுக்காரர் ஒருவர் இரண்டு சியோன் புரொசசர் கொண்ட பெரிய சேர்வரை இலவசமாகத் தந்தார். லொறியில் வந்து இறங்கியது. ஊர்ப் பொடியள் எல்லோருக்கும் சந்தோஷம். வாசிகசாலைத் தலைவர் மாஸ்டர், இளைப்பாறிய கணித ஆசிரியர், ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, உது கரண்ட் எவ்வளவு இழுக்கும்?"

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டினோம். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 130 வாட். மாஸ்டர் பழைய பத்திரிகையின் ஓரத்தில் கணக்கைப் போட்டார்: 130 வாட், 24 மணித்தியாலம், 30 நாள், ஏறத்தாழ 94 அலகு. இரண்டு ஃபானும் நான்கு பல்புமாக வாசிகசாலையின் மாதக் கணக்கே 50 அலகைத் தாண்டியதில்லை. அதோடு எங்கள் மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் கூடும். சந்தாப் பணத்தில் நடக்கும் இடம் அதை எப்படித் தாங்கும்? இரண்டாம் நாளே அதைத் திருப்பி அனுப்பினோம். இலவசம் என்று வரும் பெட்டியை ஏற்கமுதல் ஒரு வாட் மீட்டர் வாங்குங்கள் என்பேன். நாங்கள் வாங்கியவற்றிலேயே மிகவும் பயன்பட்ட பொருள் அதுதான்.

மாஸ்டரின் கேள்வி எங்கள் யோசனையின் ஒழுங்கையே மாற்றியது. அதுவரை புரொசசர் என்ன, ராம் எவ்வளவு என்று தொடங்கி, கரண்டைக் கடைசியாகப் பார்த்தோம். பிறகு மின்சாரத்தில் தொடங்கினோம்: எத்தனை வாட், எத்தனை வோல்ட், போன கரண்ட் திரும்பி வந்தால் தானாக எழும்புமா. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் பெட்டிகளுக்குள்தான் மற்றதைத் தேடினோம்.

பன்னிரண்டு வோல்ட்

கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மினி கணினி: 2015 இல் வந்த ஐ5-6500டி புரொசசர், நான்கு கோர். மற்றது, 2023 இல் வந்த இன்டெல் என்100 புரொசசர் போட்ட புதிய மினி கணினி, அதுவும் நான்கு கோர். எங்கள் வேலைக்கு இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்று. சும்மா இருக்கும்போது முதலாவது 12 வாட், இரண்டாவது 8 வாட் இழுத்தது. பாவித்த பெட்டி விலை குறைவு, கட்டுமானம் உறுதி, உதிரிப்பாகம் கிடைக்கும். மற்ற எல்லாம் ஒன்றென்றால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன்.

மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கவில்லை. பாவித்த பெட்டிக்கு 19 வோல்ட் வேண்டும். நாங்கள் பார்த்த என்100 பெட்டி 12 வோல்ட்டில் ஓடும். ரவுட்டரும் 12 வோல்ட், ஃபைபர் பெட்டியும் 12 வோல்ட்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், முதலில் நாங்கள் வைத்திருந்தது கடையில் விற்கும் 650 விஏ யூபிஎஸ். அதற்குள் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈயப் பட்டரி. மொத்தம் 84 வாட் மணி. யூபிஎஸ் அந்த 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றும். அடாப்டர்கள் அதைத் திரும்ப 12 ஆக இறக்கும். ஏற்றத்திலும் இழப்பு, இறக்கத்திலும் இழப்பு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊருக்கு அது எந்த மூலைக்கு?

ஆகவே மூன்று கருவிகளையும் நேரே ஒரு பட்டரியில் ஓட்டுவது என்று தீர்மானித்தோம். 12.8 வோல்ட், 30 அம்பியர் மணி கொண்ட லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பட்டரி. கணக்கில் 384 வாட் மணி. பெட்டி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 20 வாட். 15 வீதத்தை இழப்பென்று கழித்தாலும் 16 மணித்தியாலம் வரும்.

இங்கேதான் ரவுட்டரை எரித்தோம். பட்டரியோடு வந்த சார்ஜர் 14.6 வோல்ட் வரை ஏற்றும். பெயர் 12 வோல்ட் பட்டரி என்றாலும் சார்ஜ் ஏறும்போது வயரில் இருப்பது 14.6. நான் அவசரத்தில் ரவுட்டரை நேரே பட்டரியில் பூட்டிவிட்டேன். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் காலை ஒரு கருகல் மணம். பிழை முழுக்க என்னுடையது. பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். பட்டரிக்கும் கருவிகளுக்கும் நடுவில், உள்ளே எந்த வோல்ட் வந்தாலும் வெளியே 12 ஐ மட்டும் விடும் டிசி மாற்றி ஒன்றைப் பூட்டினோம். சார்ஜருக்குப் பதிலாக, வோல்ட்டும் அம்பியரும் திருத்தி வைக்கக்கூடிய மின்வழங்கி ஒன்றை எடுத்து 13.8 இல் நிறுத்தினோம். பட்டரி ஏறத்தாழ நிரம்பும், ஆனால் உச்ச அழுத்தத்தில் நாள்முழுக்க நிற்காது. பட்டரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் ஃபியூஸ். இந்த ஃபியூஸ் இல்லாமல் யாரும் இதைச் செய்யவேண்டாம். மர அலுமாரிக்குள், கடதாசிகளுக்கு நடுவில் இருக்கிற பொருள் இது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 அளவில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதுதான் காரணம் என்று பிறகு அறிவித்தார்கள். வாசிகசாலையில் ஃபான் நின்றது. அலுமாரிக்குள் பச்சை லைட் நிற்கவில்லை. ரொறன்ரோவில் அப்போது இரவு ஒரு மணி. அங்கே நித்திரை வராமல் இருந்த ஒரு மாமா தன் தகப்பனாரின் சுருட்டுக் கொட்டில் படத்தின் கீழ் ஒவ்வொருவரின் பெயராக எழுதிக்கொண்டிருந்தார். இங்கே இருட்டிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. மாலை கரண்ட் வந்தபோது பட்டரி 13.1 வோல்ட்டில் நின்றது.

தூசியைப் பற்றியும் சொல்லவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் புழுதி எந்த வலையையும் தாண்டி உள்ளே வரும். ஃபான் இல்லாத, உடலே வெப்பத்தைக் கடத்தும் பெட்டியாகப் பார்த்து எடுத்ததற்கு அது ஒரு காரணம். அலுமாரிக் கதவில் மேலும் கீழும் காற்றுத் துளை போட்டோம். பெட்டியோடு வந்த பெயர் தெரியாத எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு நல்லதாக 1 டிபி ஒன்று போட்டோம். ராம் 16 ஜிபி.

வாசலும் சுரங்கமும்

ஃபைபர் வருமுன் 4ஜி ரவுட்டரில்தான் இருந்தோம். வெளியிலிருந்து பெட்டிக்கு வர வழி திறப்பதற்காக இரண்டு மாலை ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். பிறகுதான் அதன் வெளி ஐபி முகவரியைக் கவனித்தேன். 100.64 இலிருந்து 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும்போது உள்ளே பாவிப்பதற்காக 2012 இல் ஒதுக்கப்பட்டவை. அப்படியொரு முகவரி வந்தால் உங்கள் வீட்டுக்கு உலகத்தில் தனி விலாசம் இல்லை என்று அர்த்தம். ரவுட்டரில் எத்தனை போர்ட், அதாவது உள்ளே வரும் வழி, திறந்தாலும் யாரும் வரமுடியாது. இதைத்தான் முதலில் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

தீர்வு, சிங்கப்பூரில் ஒரு சின்ன வாடகைச் சேர்வர். 1 ஜிபி ராம் போதும். எங்கள் பெட்டியே வயர்கார்ட் என்ற மென்பொருள் மூலம் அங்கே ஒரு சுரங்கம் போட்டு, 25 செக்கனுக்கு ஒரு தரம் தட்டித் திறந்தபடி வைத்திருக்கும். வெளியார் சிங்கப்பூர் வாசலுக்கு வருவார்கள், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு. மறையாக்கச் சாவிகள் எங்கள் அலுமாரியிலேயே இருக்கின்றன; வாடகைச் சேர்வர் பூட்டிய கடிதத்தைக் கடத்துகிறதே தவிர உள்ளே பார்க்க முடியாது. ஃபைபர் வந்த பிறகும் இந்த ஏற்பாட்டை விடவில்லை. வீதி வேலையில் கேபிள் அறுந்து ஒரு கிழமை ஃபைபர் இல்லாதபோது 4ஜிக்கு மாறினோம்; வெளியில் யாருக்கும் எந்த முகவரியும் மாறவில்லை.

ஆனால் அந்தக் கிழமைதான் லண்டன் மாமி ஒருவர் எழுதினார்: "தம்பி, எழுத்துப் போகுது, படம் போகேல்லை." மூன்று நாள் தலையைப் பிய்த்தேன். டிஸ்க் நிரம்பவில்லை, மென்பொருளிலும் பிழை இல்லை. கடைசியில் பிடிபட்டது பொதியின் அளவு. இணையத்தில் எதுவும் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் போகும்; அந்தத் துண்டுதான் பொதி. வயர்கார்ட் வழமையாக 1420 பைட் வரை ஒரு பொதியில் போடும். அதன்மேல் தன்னுடைய உறையாக இன்னும் 60 பைட். எங்கள் 4ஜி வழி அவ்வளவு பெரிய பொதியை விடவில்லை, விடவில்லை என்று சொல்லவும் இல்லை. சின்னச் செய்தி சின்னப் பொதியில் போய்விடும். படம் பெரிய பொதிகளாக வந்து வாசலில் தொலைந்துபோகும். இரண்டு பக்கமும் 1280 என்று மாற்றினோம். மாமியின் படம் அந்த நிமிடமே வந்து விழுந்தது.

எங்கள் பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 1.25 எம்பி. சேர்வர் வைப்பவருக்குப் பதிவிறக்க வேகத்தைவிட இதுதான் முக்கியம். ஊரிலிருந்து வெளியே போவதெல்லாம் இந்தக் குழாயால்தான் போகவேண்டும். 4 எம்பி படம் மூன்று செக்கனுக்கு மேல். 60 எம்பி ஸ்கேன் மூலப்பிரதி 48 செக்கன். ஆகவே பார்ப்பவர்களுக்குச் சின்னப் பிரதி மட்டும், கேட்டால்தான் மூலம் என்று வைத்திருக்கிறோம்.

மென்பொருள் பற்றி இரண்டு தீர்மானங்களை மட்டும் சொல்கிறேன். எக்ஸ்எம்பிபி என்ற இன்னொரு செய்திப் பரிமாற்ற முறையில் ஓடும் புரொசடி, சினாப்ஸைவிட எவ்வளவோ இலேசானது. ஆனால் எங்கள் புலம்பெயர்ந்தோரில் பலரின் கையில் ஐபோன். செய்தி வந்ததும் தட்டி எழுப்புவது அதில் மேட்ரிக்ஸ் மூலம்தான் எங்களுக்கு நம்பிக்கையாக வேலை செய்தது. மற்றது, ஊர்ப் பொது அறையில், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கத்தை நாங்கள் போடவில்லை. போன் மாற்றும் எழுபது வயது ஐயா சாவியை மறந்தால் பழைய செய்திகள் எல்லாம் அவருக்குப் பூட்டிக்கொள்ளும். தனிச் செய்திகளுக்கு மறையாக்கம் உண்டு, பொது அறைக்கு இல்லை என்று எல்லோருக்கும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வெளிச் சேர்வர்களோடு இணைப்பு இல்லை, அழைப்பு இல்லாமல் யாரும் சேர முடியாது. இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு, யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்த வட்டமாக இருப்பதே எங்களுக்கு நிம்மதி.

பிரதிகள்

இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதவைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் அது உதவும். தவறுதலாக அழித்தாலோ அலுமாரியே எரிந்தாலோ இரண்டும் ஒன்றாகப் போகும். அந்தக் காசை வேறு வீட்டில் வைக்கும் பிரதிக்குச் செலவழித்தோம். முன்பு விட்டுவந்த பாவித்த மினி கணினியை வாங்கி மாஸ்டர் வீட்டில் வைத்தோம். அது ஒரு நாள் கரண்ட் வெட்டுக்குப் பிறகு எழும்பவே இல்லை. கையால் போட்டால் திகதி பல வருடம் பின்னால் நின்றது, திகதி பிழை என்பதால் இணைப்புக்கான பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லவில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பட்டரி செத்திருந்தது. கரண்ட் வந்தால் தானாக எழும்பு என்று நாங்கள் போட்ட அமைப்பும் அதோடு மறந்துபோயிருந்தது. பாவித்த கணினி வாங்குபவர்கள் அந்தப் பட்டரியை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பிரதி ரொறன்ரோவில். மொத்தம் 210 ஜிபி. எங்கள் வேகத்தில் வேறு யாரும் லைனைத் தொடாமல் இருந்தாலே 47 மணித்தியாலம். அதற்குப் பதிலாக, விடுமுறைக்கு வந்து திரும்பிய ஒரு மாமியின் பயணப் பையில், கறித்தூளுக்கும் புழுக்கொடியலுக்கும் நடுவில், துவாயில் சுற்றி ஒரு டிஸ்க்கை அனுப்பினோம். பிரதி எடுக்கும் ரெஸ்டிக் என்ற மென்பொருள் அதைப் பூட்டித்தான் எழுதும். வழியில் தொலைந்தாலும் யாராலும் திறக்க முடியாது. இப்போது ஒவ்வொரு இரவும் புதிதாகச் சேர்ந்தது மட்டும் போகிறது.

பிரதி இருக்கிறது என்று ஒரு வருடம் நிம்மதியாக இருந்தோம். ஒருமுறை மாஸ்டர் வீட்டுப் பெட்டியில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்தோம். படங்கள் வந்தன. படத்தின் கீழ் எழுதிய பெயர்கள் ஒன்றுமே வரவில்லை. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்புகளை அப்படியே அள்ளியிருந்தோம், அரைகுறையான அந்தப் பிரதி திறபடவில்லை. பெயர் இல்லாத அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அந்தப் பெயர்களைச் சொன்னவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அன்றிரவிலிருந்து முதலில் தரவுத்தளத்தை முறைப்படி ஒரே கோப்பாக இறக்கி, பிறகுதான் பிரதி எடுக்கிறோம்.

மீட்டுப் பார்க்கும் வேலை இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நடக்கிறது. உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்தேன். கடவுச்சொற்கள் எழுதிய உறை மாஸ்டரின் இரும்பு அலுமாரியில். கடந்த முறை நான் கொழும்பில் இருந்தேன். அவள் உறையை வாங்கி, எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, தனியே எல்லாவற்றையும் மீட்டாள். நடுவில் ஒரு தரம் மட்டும் போன் எடுத்தாள்: "அண்ணா, குறிப்பில ஏழாவது வரி பிழை." உண்மைதான், ஏழாவது வரி பிழையாகத்தான் இருந்தது. திருத்தியது அவளே.

இன்னும் ஒரு வேலை மிச்சம். வாசிகசாலையின் நிலத்தொடுப்புக் கம்பி பழையது, துருப்பிடித்துவிட்டது. ஃபைபர் வழியாக மின்னல் வராது, மின் வயர் வழியாக வரும். மாரி தொடங்கமுதல் புதுக் கம்பி இறக்கி அளந்து பார்க்கவேண்டும். மின்காரருக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.